பிள்ளையின் மேல் ஒட்டிய எண்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு நம் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி தலைகாட்டும்: நல்ல ஆப்டிடியூட் டெஸ்ட் எங்கே எடுக்கிறார்கள்? இந்த ஆண்டும் கேட்டார்கள். அதே வாரத்தில், விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளைக்கு எந்தப் படிப்பு சரிவரும் என்று சொல்லிவிடுவதாக ஒரு விளம்பரத் தாள் லெட்டர் பாக்ஸ்களில் செருகப்பட்டிருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வேறு விதக் கவலை. பள்ளி கவுன்சிலர் கூப்பிட்டு, "ஒரு அசெஸ்மென்ட் எடுத்துப் பார்த்துவிடலாமே" என்கிறார். ஏன், எதற்கு என்று கேட்கத் தயக்கம். வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் தூக்கமில்லை.

இந்தப் பரீட்சைகளுக்கு நூற்றிருபது ஆண்டு வரலாறு உண்டு. பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும், பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் சோதிக்க வேண்டும், ஒரே பரீட்சையை நம்பி முடிவெடுக்கக் கூடாது, அறிக்கையைக் கண்டவர்களிடம் காட்டக் கூடாது என்றெல்லாம் இன்று ஒரு நல்ல கவுன்சிலர் கடைப்பிடிக்கும் விதிகள் சும்மா வந்துவிடவில்லை. பெரும்பாலானவற்றின் பின்னால் யாரோ ஒரு பிள்ளைக்கு நடந்த அநியாயம் இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால், கவுன்சிலர் எதிரே உட்காரும்போது என்ன கேட்பது என்று தடுமாற வேண்டியதில்லை.

கதை தொடங்குவது பாரிஸில். பிரான்சில் 1882-இல் தொடக்கக் கல்வி கட்டாயமானது. அதுவரை பள்ளிப் பக்கமே வராத பிள்ளைகளும் வகுப்புக்கு வந்தார்கள். சிலரால் மற்றவர்களோடு சேர்ந்து படிக்க முடியவில்லை. அவர்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாம் என்ற யோசனை எழுந்தது. யாரை அங்கே அனுப்புவது? ஆசிரியர் சொன்னால் போதுமா? வாய்த்துடுக்கான பையனை 'மந்தம்' என்று எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும் ஆசிரியர் எந்த நாட்டிலும் உண்டு. காது சரியாகக் கேட்காத பிள்ளை, அடிக்கடி காய்ச்சலில் படுத்த பிள்ளை எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். 1904-இல் அரசு இதை ஆராய ஒரு குழு அமைத்தது. அதில் ஓர் உறுப்பினர் ஆல்ஃபிரட் பினே. சோர்போனில் இருந்த உளவியல் ஆய்வுக்கூடத்தின் தலைவர்.

பினே அதற்கு முன் பள்ளிப் பிள்ளைகளின் தலையை அளந்துகொண்டிருந்தவர். மண்டை பெரிதானால் மூளை பெரிது, மூளை பெரிதானால் புத்தி அதிகம் என்று அந்தக் காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். அளந்து பார்த்தால், கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பின்தங்கிய பிள்ளைக்கும் இடையே கிடைத்த வித்தியாசம் மிகச் சொற்பம். அதைவிட இன்னொன்று அவரை உறுத்தியது. யார் கெட்டிக்காரர் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு அளந்தால், அளப்பவரின் கை தன்னை அறியாமலே அளவைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது. தன் கையையே அவர் சந்தேகப்பட்டார். தலையளவை மூட்டை கட்டி வைத்தார். (விரல் ரேகை விளம்பரத்துக்கு என் பதிலும் இதுதான். உடம்பை அளந்து புத்தியைச் சொல்லும் வழியை பினே 1900 வாக்கிலேயே கைவிட்டுவிட்டார். விரல் ரேகைக்கும் படிப்புத் திறனுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டும் நம்பத்தக்க ஆய்வு எதுவும் கிடையாது. கைரேகை ஜோசியராவது கட்டணம் குறைவாக வாங்குவார்.)

1905-இல் பினேயும் தியோடோர் சீமோன் என்ற மருத்துவரும் சேர்ந்து முப்பது சின்னச் சின்ன வேலைகள் அடங்கிய ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முதல் வேலை, எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது. பிறகு சாக்லேட்டையும் மரத்துண்டையும் பிரித்தறிவது, மூன்று எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, காகிதத்துக்கும் அட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்குவது என்று படிப்படியாகக் கடினமாகும். படிக்கவோ எழுதவோ எதுவும் கிடையாது. பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை அளக்கக் கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள். அமைதியான தனி அறை வேண்டும், பிள்ளையை அன்பாக வரவேற்றுப் பயத்தைப் போக்கிய பிறகே தொடங்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். 1908-இல் இதைத் திருத்தி, எந்த வயதுப் பிள்ளை எதைச் செய்யும் என்று வயதுவாரியாக அடுக்கினார்கள்.

இந்த அளவுகோலுக்கு எல்லை உண்டு என்பதை மற்றவர்களைவிட பினேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். உயரத்தை அளப்பதுபோல் புத்தியை அளந்துவிட முடியாது என்றார். தொந்தரவு தரும் பிள்ளைகளைக் கழித்துக்கட்ட ஆசிரியர்கள் இதைச் சாக்காக்குவார்கள் என்று அஞ்சினார். புத்தி பிறவியிலேயே முடிந்துபோன விஷயம் என்று பேசியவர்கள் மேல் அவருக்குக் கோபமே இருந்தது. 1909-இல் எழுதிய நூலில் அந்தக் கோபம் வெளிப்படையாகத் தெரியும். பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவர் 'மனப் பயிற்சி' வகுத்தார். ஆசிரியர் சைகை செய்ததும் எல்லாரும் சிலைபோல் அசையாமல் நிற்கும் விளையாட்டு அதில் ஒன்று. முதலில் வகுப்பே சிரித்துக் குலையும். நாளடைவில் கவனம் கூடும். ஆக, அவருடைய முப்பது வேலைகளும் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தப் பிள்ளைக்கு எங்கே உதவி தேவை? 1911-இல், 54 வயதில், பினே இறந்துபோனார்.

அவர் கண்மூடிய மறு ஆண்டே வில்லியம் ஸ்டெர்ன் என்ற ஜெர்மானியர், பிள்ளையின் மன வயதை உண்மையான வயதால் வகுத்து ஓர் ஈவைக் கணக்கிட்டார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் லூயிஸ் டெர்மன் 1916-இல் பினேயின் சோதனையைத் திருத்தி வெளியிட்டபோது, அந்த ஈவை நூறால் பெருக்கினார். நாம் ஐ.க்யூ. என்று சொல்லும் எண் பிறந்தது. எண் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. முப்பது வேலைகளில் பிள்ளை எதைச் செய்தது, எதில் தயங்கியது என்பதெல்லாம் மறைந்து, 72 அல்லது 118 மட்டும் கோப்பில் நிற்கும்.

பினேயின் சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ஹென்றி கோடார்ட். நியூ ஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரில் மனவளர்ச்சி குன்றியோருக்கான பள்ளியில் ஆய்வாளர். 1913 வாக்கில் அவருடைய உதவியாளர்கள் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில், கப்பலில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைச் சோதித்தார்கள். பல நாள் கடல் பயணம், புரியாத மொழி, சீருடை அதிகாரிகள், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அப்படி இருந்தவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வழியே கேள்விகள். சோதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் 'புத்தி குறைந்தவர்கள்' என்று முடிவு வந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்த நாளில் என்னாலும் இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் சொல்லிப் பார்த்தார். கோடார்ட் அதைப் பதிவு செய்தார்; முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

1917-இல் முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்குக் கூட்டமாக உட்காரவைத்துப் பரீட்சை எடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிரிஸ்கோ அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. நம்மூருக்கு முந்தாநாள் வந்திறங்கியவரிடம் "நரசுஸ் என்பது சோப்பா, தைலமா, காபித்தூளா?" என்று கேட்டு, விழித்தால் அறிவு குறைவு என்று எழுதிக்கொள்வதுபோலத்தான் இது. போர் முடிந்ததும் அதே பாணிப் பரீட்சைகள் பள்ளிக்கூடங்களுக்குள் வந்தன. ஒரு மணி நேரத்துக்குள் வகுப்பு முழுவதையும் சோதித்து, மேல், நடு, கீழ் என்று பிரித்துவிடலாம். பினே ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து செய்ததை இப்படிக் கும்பலாகச் செய்து முடித்தார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-இல் ஒரு தொடர் கட்டுரையே எழுதினார். கறுப்பினக் கல்வியாளர் ஹொரேஸ் மான் பாண்ட் 1924-இல் இந்தப் பரீட்சைகள் பிரசாரமாகிவிட்டதைக் கண்டித்தார். 1930-களில் ஜார்ஜ் சாஞ்செஸ், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு அதன் அறிவைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். கேள்வி எளிமையானதுதான். பள்ளிகள் அதற்குச் செவிசாய்க்க நாற்பது ஆண்டு பிடித்தது.

அதற்குள் எத்தனையோ பேருடைய வாழ்க்கை கைமாறிப் போயிற்று. வர்ஜீனியா மாநிலத்தின் கேரி பக் என்ற பெண்ணின் கதை மட்டும் போதும். வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவள். பள்ளியில் ஒழுங்காகத் தேறி வந்தவளை வீட்டு வேலைக்காக ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பதினேழு வயதில், அந்தக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் செய்த வன்முறையால் கருவுற்றாள். அவமானத்தை மறைக்க, 'புத்தி குறைந்தவள்' என்று சொல்லி 1924-இல் அரசுக் காப்பகத்தில் தள்ளினார்கள். அங்கே பினே சோதனையின் அமெரிக்கப் பதிப்பை வைத்து அவளுடைய மன வயது ஒன்பது என்று எழுதினார்கள். அவள் தாயும் அதே காப்பகத்தில் இருந்தாள். அவளுக்கும் அதேபோல் ஓர் எண். கேரியின் கைக்குழந்தை விவியனை ஏழு மாதத்தில் பார்த்த ஒரு சமூகப் பணியாளர், ஏதோ சரியில்லாததுபோல் தோன்றுகிறது என்று சாட்சி சொன்னார். மூன்று தலைமுறையும் குறையுள்ளது என்று வாதிட்டு, கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதி கேட்டார்கள். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி தந்தது. அந்த அக்டோபரில் அறுவை நடந்தது.

கேரியின் பள்ளிப் பதிவேட்டில் ஓர் ஆசிரியை, படிப்பும் நடத்தையும் மிக நன்று என்று எழுதியிருந்தார். அதை யாரும் நீதிமன்றத்தில் காட்டவில்லை; அவளுடைய வழக்கறிஞர் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. விவியன் வளர்ந்து பள்ளிக்குப் போனாள். 1931-இல் அவள் பெயர் பள்ளியின் சிறந்த மாணவர் பட்டியலில் இருந்தது. மறு ஆண்டு எட்டு வயதில் நோயால் இறந்துபோனாள். பரீட்சை எண்ணோடு பள்ளிப் பதிவேட்டையும் ஆசிரியர் கண்டதையும் வீட்டுச் சூழலையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று இன்று பாடப் புத்தகங்கள் சொல்வதைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பட்டியல்தான் ஞாபகம் வரும்.

வேலைக்கு வழிகாட்டும் பரீட்சைகளின் கிளை தனி. 1908-இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்கான தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் முறை. முடிவு எடுக்க வேண்டியவர் வந்திருப்பவரே, ஆலோசகர் அல்ல என்பதில் அவர் தெளிவாக இருந்தார். (அவரும் வந்தவர்களின் தலை வடிவத்தைக் கவனித்தவர்தான். அந்தக் காலத்து நோய்!) 1957-இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், மறு ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, பள்ளிகளில் பரீட்சைக்கும் கவுன்சிலர்களுக்கும் பணத்தைக் கொட்டியது. கெட்டிக்காரர்களைச் சலித்தெடுப்பதே அதன் நோக்கம்.

1968-இல் ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் ஒரு விசித்திரச் சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கலிஃபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில், ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் எடுத்து, இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள் என்று பரீட்சை காட்டுகிறது என ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில், முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இந்த ஆய்வின் முறையைப் பலர் குறை சொன்னார்கள். விளைவு அவர்கள் காட்டிய அளவுக்கு இல்லை என்பதே பிற்கால ஆய்வுகளின் பொதுவான முடிவு. ஆனாலும், கோப்பில் எழுதுவது ஆசிரியரின் கண்ணை மாற்றும் என்ற ஐயம் அன்றிலிருந்து போகவில்லை.

அதே மாநிலத்தில்தான் பெற்றோர்கள் நீதிமன்றம் போனார்கள். 1970-இல், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது பிள்ளைகளின் சார்பில் ஒரு வழக்கு. ஆங்கிலப் பரீட்சையை வைத்து மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போடப்பட்டவர்கள். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் எல்லைக்கோட்டுக்கு மேலே வந்தார்கள். பிள்ளையின் தாய்மொழியில் சோதிக்க மாநில அரசு ஒப்புக்கொண்டது. 1971-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கறுப்பினப் பெற்றோர்கள் தொடுத்த லாரி பி. வழக்கு இன்னும் பெரியது. மாநில மாணவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்த கறுப்பினப் பிள்ளைகள், அந்தத் தனி வகுப்புகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள். அந்த வகுப்பில் சொல்லிக் கொடுப்பது சொற்பம். ஒருமுறை போனால் திரும்பி வருவது அரிது. வழக்குத் தொடுத்த பிள்ளைகளைக் கறுப்பின உளவியலாளர்கள் கேள்விகளின் சொற்களைச் சற்று மாற்றி, பிள்ளைகளைப் பேசவைத்துச் சோதித்தபோது எண் எங்கோ போயிற்று. 1979-இல் நீதிபதி ராபர்ட் பெக்கம், கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்பில் போட ஐ.க்யூ. பரீட்சையைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஆண்டே சிகாகோவில் வேறொரு நீதிபதி, கேள்விகளை ஒவ்வொன்றாகத் தானே படித்துப் பார்த்து, பெரிய குறை ஒன்றும் இல்லை என்று நேர்மாறாகத் தீர்ப்புச் சொன்னார்!

இந்த வழக்குகள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் சட்டங்கள் வந்தன. பள்ளிக் கோப்பைப் பெற்றோர் பார்க்கலாம், அனுமதியின்றிப் பிறருக்குக் காட்டக் கூடாது என்றது 1974-ஆம் ஆண்டுச் சட்டம். மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் சோதிக்க வேண்டும், எந்த ஒரு சோதனையும் தனித்து முடிவைத் தீர்மானிக்கக் கூடாது, தனி வகுப்பில் போடுமுன் பெற்றோருக்குத் தெரிவித்து அவர்கள் ஆட்சேபிக்க வழி வைக்க வேண்டும் என்றது. இன்று உலகெங்கும் கவுன்சிலர் பயிற்சியில் சொல்லித்தரும் நெறிகளில் பல இவற்றின் வாரிசுகள்.

நம் நாட்டுக்கும் பினே சீக்கிரமே வந்துவிட்டார். 1922-இல் லாகூரில் சி. எச். ரைஸ் இந்துஸ்தானியில் ஒரு பதிப்பைத் தயாரித்தார். பிறகு வி. வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளைச் சோதித்து உருவாக்கிய பதிப்பு 1940-இல் நூலாக வந்தது. 'பினே–காமத்' என்ற பெயர் இன்றும் மருத்துவமனை அறிக்கைகளில் தென்படும். இங்கே ஒரு சங்கதி. தலைமுறைக்குத் தலைமுறை இத்தகைய பரீட்சைகளில் எண் ஏறிக்கொண்டே வந்திருப்பதை 1980-களில் ஜேம்ஸ் ஃப்ளின் எடுத்துக்காட்டினார். பாட்டன் காலத்துப் பிள்ளைகளை வைத்து வகுத்த அளவுகோலில் பேரனுக்கு எண் கூடுதலாகவே விழ வாய்ப்பு உண்டு. எந்தப் பரீட்சை, எந்த ஆண்டில், எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து வகுக்கப்பட்டது என்று கேட்பதில் தவறே இல்லை.

வழிகாட்டுதலை நம் பள்ளிக் கொள்கைக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் பேர்பெற்ற மகப்பேறு மருத்துவருமான ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, 1953-இல் தந்த அறிக்கையில், ஆண்டு இறுதிப் பரீட்சை ஒன்றையே நம்பாமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொடர்ந்து பதிவேடு வைக்கச் சொன்னது. படிப்புப் பாதையைத் தேர்ந்தெடுக்க வழிகாட்ட வேண்டும் என்றது. மறு ஆண்டு டெல்லியில் கல்வி, தொழில் வழிகாட்டுதலுக்கான மத்திய அலுவலகம் தொடங்கியது. பதிவேடு யோசனை பல பள்ளிகளில் வெறும் மதிப்பெண் அட்டையாகத் தேய்ந்துபோனது வேறு கதை. 2019-இல் சி.பி.எஸ்.இ.யும் என்.சி.இ.ஆர்.டி.யும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்காக 'தமன்னா' என்ற திறனறித் தேர்வைக் கொண்டுவந்தபோதும், விரும்பினால் எடுக்கலாம், இதை வைத்து எந்தப் பாடத்தையும் எடுக்கும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றே சொன்னார்கள். பார்சன்ஸ் இருந்திருந்தால் தலையசைத்திருப்பார்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பரீட்சையே வேண்டாம் என்று யாரும் ஓடிவிடக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. எழுத்துகள் குழம்பும் பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதுபவரோ கிடைக்க முறையான மதிப்பீடும் சான்றிதழும் வேண்டும். தள்ளிப்போட்டால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். பினே 1905-இல் நினைத்ததும் இந்த மாதிரி ஒரு பயனைத்தான்.

ஆகவே கவுன்சிலர் கூப்பிட்டால் போங்கள். வகுப்பில் எதைப் பார்த்து இந்த யோசனை வந்தது, கண்ணும் காதும் சோதித்தாயிற்றா, தமிழிலா ஆங்கிலத்திலா, வேறு எதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பீர்கள், முடிவு வந்தபின் வகுப்பில் என்ன மாறும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பரீட்சைக்கு அவசரமில்லை. அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். யாரிடமாவது அபிப்பிராயம் கேட்க வேண்டுமானால் நேரில் கேளுங்கள். அறிக்கையைப் படம்பிடித்து நம் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட வேண்டாம். அதில் இப்போது உங்கள் பிள்ளையோடு கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.